சிறுநீரில் ரத்தம்... பிணவறையில் கிடைத்த விடை: நோய்க்குத் தன் பெயரைத் தந்த தியோடர் பில்ஹார்ஸ் யார்?

பத்து வயதுப் பையனுக்குச் சிறுநீர் ரத்தமாகப் போகிறது. நம்ம வீடாக இருந்தால் அடுத்த ஐந்தாவது நிமிடம் ஆட்டோ பிடித்திருப்போம். ஆனால் 19-ம் நூற்றாண்டு எகிப்தில், நைல் நதிக்கரை கிராமங்களில், அதைப் பார்த்து யாரும் பெரிதாகப் பதறவில்லை. பெண் பிள்ளைகள் வயதுக்கு வருவதுபோல ஆண் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு பருவம் உண்டு என்றே நினைத்துக்கொண்டார்கள். அந்த அளவுக்கு எல்லா வீட்டிலும் இருந்தது. எல்லா வீட்டிலும் இருப்பது எப்படி நோயாகும்?

1798-ல் நெப்போலியனின் படை எகிப்துக்குள் நுழைந்தது. கொஞ்ச காலத்தில் பிரெஞ்சு வீரர்களுக்கும் அதே ரத்தம். படையோடு போன மருத்துவர்கள் வெயிலைக் காரணம் சொன்னார்கள், வியர்வையைக் காரணம் சொன்னார்கள்.

உண்மையான காரணத்தை 1851-ல் கண்ணால் பார்த்தவர் 26 வயது ஜெர்மன் டாக்டர் ஒருவர். தியோடர் பில்ஹார்ஸ். ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் இன்றைக்கும் அந்த நோய்க்கு அவர் பெயர்தான்: பில்ஹார்சியா.

ஆனால் அவர் கண்டுபிடித்தது பாதி விடைதான். மீதிப் பாதி வாய்க்கால் ஓரத்தில், தண்ணீர்ச் செடிகளில் ஒட்டிக்கொண்டிருந்த நத்தைகளுக்குள் இருந்தது. அதை உலகம் கண்டுபிடிக்க இன்னும் 64 வருஷம் ஆனது.

பூச்சி பிடித்துத் திரிந்த பையன்

தெற்கு ஜெர்மனியில், டான்யூப் நதிக்கரையில் சிக்மாரிங்கன் என்று ஒரு சின்ன ஊர். மலைமேல் ஒரு அரண்மனை, கீழே ஊர். அங்கே 1825 மார்ச் 23-ம் தேதி பிறந்தார் பில்ஹார்ஸ். அப்பா அரண்மனை நிர்வாகத்தில் அதிகாரி. அம்மா சுவிட்சர்லாந்துக்காரர். வீட்டில் மொத்தம் ஒன்பது பிள்ளைகள், இவர்தான் மூத்தவர்.

சின்ன வயதிலேயே பூச்சி என்றால் உயிர். காடு மேடெல்லாம் அலைந்து பிடித்து, சேர்த்து வைக்கிற ரகம். பிறகு ஃப்ரைபர்க் பல்கலைக்கழகம், அங்கிருந்து டியூபிங்கனில் மருத்துவப் படிப்பு. மாணவராக இருக்கும்போதே முதுகெலும்பில்லாத உயிரினங்களின் ரத்தம் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினார். அதாவது டாக்டருக்குப் படித்தாலும் மனசு முழுக்கப் புழு பூச்சிகளிடம்தான்.

அவர் வாழ்க்கையைத் தீர்மானித்தவர்கள் இரண்டு பேராசிரியர்கள். ஒருவர் கார்ல் தியோடர் ஃபான் சீபோல்ட். ஒட்டுண்ணிப் புழுக்கள் விஷயத்தில் அந்தக் காலத்து ஐரோப்பாவின் பெரிய கை. இன்னொருவர் மருத்துவர் வில்ஹெல்ம் கிரீசிங்கர்.

1850-ல் எகிப்து ஆட்சியாளர் முதலாம் அப்பாஸ், கிரீசிங்கரைக் கெய்ரோவுக்கு அழைத்தார். நாட்டின் மருத்துவத் துறைக்குத் தலைமை, ஆட்சியாளருக்கே டாக்டர் என்று பெரிய பொறுப்பு. போகும்போது உதவியாளராக பில்ஹார்ஸையும் கூட்டிக்கொண்டு போனார். 25 வயதுப் பையனுக்கு வெளிநாட்டு வேலை! உலகத்திலேயே ஒட்டுண்ணிப் புழுக்கள் அதிகமாக இருந்த ஊர்களில் ஒன்றில், அதுவும் சீபோல்டின் மாணவருக்கு. இதைவிடப் பொருத்தமான ஆளை எகிப்து தேடிப் பிடித்திருக்க முடியாது.

கஸ்ர் அல்-ஐனி பிணவறை

கெய்ரோவின் கஸ்ர் அல்-ஐனி மருத்துவமனை அப்போது நாட்டின் முதன்மையான மருத்துவப் பள்ளியும்கூட. இன்றும் அதே பெயரில் கெய்ரோ பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியாக இயங்குகிறது.

அங்கே பிரேதப் பரிசோதனைதான் பில்ஹார்ஸின் முக்கிய வேலை. மேசைக்கு வந்த உடல்களில் பெரும்பாலானவை ஏழை விவசாயிகள், கூலிகள், படைவீரர்களுடையவை. உயிரோடு இருந்தவரை அவர்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. செத்த பிறகு ஒரு இளைஞர் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தார்.

1851-ம் ஆண்டின் முதல் பாதியில், ஒரு உடலில் குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரையைத் திறந்தபோது, உள்ளே வெள்ளையாகப் புழுக்கள் கிடந்தன.

இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். வயிற்றில் புழு, குடலில் புழு என்பது அந்தக் காலத்திலும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இது ரத்தக் குழாய்க்குள் இருந்தது. ஓடுகிற ரத்தத்திலேயே குடியிருந்தது. நம் கால்நடை வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த கல்லீரல் தட்டைப்புழுவின் உறவுதான், ஆனால் உருவம் வேறு மாதிரி.

இன்னும் கூர்ந்து பார்த்தார். புழுவின் தட்டையான உடம்பு இரண்டு பக்கமும் உள்நோக்கி மடிந்து, வாழை மட்டை மாதிரி ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் நூல் போல ஏதோ ஒன்று நெளிந்தது. முதலில் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது இன்னொரு புழு. மட்டை போல இருப்பது ஆண்; உள்ளே படுத்திருக்கும் மெல்லிய நூல் பெண். பெண்ணை ஏந்திக்கொண்டே ஆண் வாழ்நாளைக் கழிக்கிறது.

தட்டைப்புழுக்களில் பொதுவாக ஒரே உடம்பில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்தே இருக்கும். ஆண் தனி, பெண் தனி என்று ஒரு தட்டைப்புழு இருப்பதே அப்போது புதுச் செய்தி.

கண்டதையெல்லாம் உடனுக்குடன் கடிதமாக எழுதி, படம் வரைந்து சீபோல்டுக்கு அனுப்பினார். சீபோல்ட் அவற்றைத் தொகுத்துத் தன் விலங்கியல் இதழில் வெளியிட்டார். புழுவுக்கு பில்ஹார்ஸ் வைத்த பெயர் டிஸ்டோமம் ஹீமாடோபியம். ரத்தத்தில் வாழ்வது என்று பொருள்.

புழுவுக்கும் ரத்தத்துக்கும் என்ன தொடர்பு?

வேறு ஒருவராக இருந்தால் புதிய புழுவுக்குப் பெயர் வைத்ததோடு நின்றிருப்பார். பில்ஹார்ஸ் டாக்டர் ஆயிற்றே. 1852-ல் சிறுநீர்ப்பையைத் திறந்து பார்க்கத் தொடங்கினார். உள் சுவரில் புண்கள், தடிப்புகள், ரத்தக் கசிவு. அந்தத் திசுவைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தால் நிறைய முட்டைகள். ஒவ்வொரு முட்டையின் நுனியிலும் ஒரு சின்ன முள்.

கணக்கு சரியாகப் பொருந்தியது. புழு ரத்தக் குழாயில் இருக்கிறது. சிறுநீர்ப்பையைச் சுற்றியுள்ள நுண்ணிய சிரைகளில் முட்டையிடுகிறது. முட்டைகள் சுவரைத் துளைத்துக்கொண்டு சிறுநீருக்குள் வருகின்றன. வரும் வழியெல்லாம் ரத்தம். எகிப்துப் பையன்களின் ‘பருவம்’ இதுதான்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். உடம்பைப் பாழாக்குவது பெரும்பாலும் புழு இல்லை, முட்டைதான். வெளியே போகும் முட்டைகளைவிட உள்ளேயே மாட்டிக்கொள்ளும் முட்டைகள்தான் ஆபத்து. அவற்றைச் சுற்றி உடல் ஒரு கோட்டை கட்டுகிறது. திசு தடித்து இறுகிப்போகிறது. வருஷக்கணக்கில் இது நடந்தால் சிறுநீரகம் கெடும், சிறுநீர்ப்பையில் புற்றுநோய்கூட வரும்.

எத்தனை பேருக்கு இருந்தது? கிரீசிங்கர் 1854-ல் வெளியிட்ட கணக்குப்படி 363 உடல்களைத் திறந்து பார்த்ததில் 117-ல் இந்த நோய். மூன்றில் ஒரு பங்கு. அந்த 117 பேரும் வரலாற்றில் வெறும் எண்ணாக மட்டுமே இருக்கிறார்கள் என்பது வேறு சோகம்.

முட்டைகளில் இன்னொரு வகையையும் பில்ஹார்ஸ் பார்த்திருந்தார். முள் நுனியில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தது. அது குடலையும் கல்லீரலையும் தாக்கும் வேறொரு இனத்தின் முட்டை என்று ஒப்புக்கொள்ளவே பிற்கால விஞ்ஞானிகள் அரை நூற்றாண்டுக்கு மேல் சண்டை போட்டார்கள்.

யாரும் பேசாத மீன் புழு

1851 பில்ஹார்ஸுக்கு அசாதாரணமான வருஷம். ரத்தப் புழுவைப் பார்த்த அதே ஆண்டில், இறந்துபோன சிறுவர்களின் குடலில் இன்னும் இரண்டு புதிய புழுக்களைக் கண்டார். ஒன்று குட்டி நாடாப்புழு. இன்னொன்று 2 மில்லிமீட்டர்கூட நீளமில்லாத தட்டைப்புழு. அதற்கு இன்றைய பெயர் ஹெட்டரோஃபயஸ்.

ரத்தப் புழுவின் புகழில் இது அடிபட்டுப்போனது. ஆனால் சாப்பாட்டு விஷயம் என்பதால் நமக்கு இதுவும் முக்கியம். மனிதக் கழிவிலிருந்து முட்டை தண்ணீருக்குப் போகிறது. அங்கே அதை விழுங்கும் நத்தைக்குள் வளர்ந்து பெருகுகிறது. நத்தையிலிருந்து வெளியே வரும் லார்வா மீனின் சதைக்குள் புகுந்து, சின்ன உறை கட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அந்த மீனைச் சரியாகச் சமைக்காமல் சாப்பிட்டால் உறை உடைந்து, குடலில் புழு.

எகிப்தில் மடவை மீனை உப்பில் ஊறவைத்து, வேகவைக்காமலேயே சாப்பிடும் வழக்கம் உண்டு. ஃபசீக் என்று பெயர். வசந்த காலத்தில் வரும் ஷம் அல்-நசீம் பண்டிகைக்கு இது இல்லாமல் முடியாது. நமக்குப் பொங்கலுக்குக் கரும்பு மாதிரி. உப்பில் போதுமான நாள் ஊறாத மீனாக இருந்தால் உறைக்குள் லார்வா உயிரோடு இருக்கும். டெல்டா பகுதியின் ஏரிகள், உப்பங்கழிகளில் பிடிக்கும் மீன்களில் இந்தப் புழு பின்னாளில் நிறையவே கண்டுபிடிக்கப்பட்டது.

பில்ஹார்ஸ் பார்த்தது பயணத்தின் கடைசி நிறுத்தத்தை மட்டும்தான், அதாவது மனிதக் குடலை. நத்தையும் மீனும் வழியில் இருப்பது பின்னால் வந்தவர்கள் சொன்னது.

சுவாரஸ்யம் என்னவென்றால் அவருக்கு நைல் நதி மீன்கள் புதிதல்ல. 1857-ல் அவர் வெளியிட்ட பெரிய ஆய்வு நூலே ஒரு மீனைப் பற்றித்தான். தொட்டால் ஷாக் அடிக்கும் மின்கெளுத்தி! அதன் மின்சாரம் உண்டாக்கும் உறுப்பு எப்படி அமைந்திருக்கிறது, நரம்பு எப்படி ஓடுகிறது என்று அறுத்துப் பார்த்து எழுதினார். அவருக்குப் பிடித்தது இந்த வேலைதானோ என்று தோன்றுகிறது. அந்த நூலுக்கு முந்தைய ஆண்டுதான் அவர் கஸ்ர் அல்-ஐனியில் உடற்கூறியல் பேராசிரியர் ஆகியிருந்தார்.

கிரீசிங்கர் 1852-லேயே ஜெர்மனி திரும்பிவிட்டார். பில்ஹார்ஸ் திரும்பவில்லை. கெய்ரோவே ஊராகிவிட்டது.

37 வயதில் முடிந்த பயணம்

1862-ல் ஜெர்மனியின் சாக்ஸ்-கோபர்க்-கோத்தா பிரபு இரண்டாம் எர்ன்ஸ்ட், மனைவியோடும் பெரிய பரிவாரத்தோடும் செங்கடல் பக்கம் பயணம் வந்தார். இன்றைய எரித்ரியாவில் உள்ள மஸாவா துறைமுகம், அங்கிருந்து மலைநாடு. விலங்கியல் எழுத்தாளர் ஆல்ஃபிரட் பிரேமும் அந்தக் குழுவில் இருந்தார். டாக்டராக உடன் போனவர் பில்ஹார்ஸ்.

அந்தப் பயணத்தில் அவருக்குக் கடும் காய்ச்சல் தொற்றியது. கெய்ரோவுக்கு வந்து சேர்ந்தார். மே 9-ம் தேதி இறந்துபோனார். வயது 37. கெய்ரோவிலேயே அடக்கம் செய்தார்கள்.

பன்னிரண்டு வருஷ எகிப்து வாழ்க்கை, அவ்வளவுதான். பில்ஹார்ஸ் என்ற மனிதரின் கதை இங்கே முடிகிறது. அவர் பாதியில் விட்ட கேள்வியின் கதை முடியவில்லை: இந்தப் புழு மனிதன் உடம்புக்குள் எந்த வழியாக வருகிறது?

வாயிலா, தோலிலா, நத்தையிலா?

பில்ஹார்ஸ் இறந்து 50 வருஷம் ஆகியும் யாருக்கும் தெரியவில்லை. குடிக்கும் தண்ணீர் வழியா, குளிக்கும்போதா என்று ஆளுக்கொரு கட்சி.

தட்டைப்புழுக்கள் நத்தைக்குள் வளரும் என்பது அறிவியலுக்குத் தெரியாத விஷயம் இல்லை. டென்மார்க்கின் ஸ்டீன்ஸ்ட்ரப் 1842-லேயே அதைப் பற்றி எழுதியிருந்தார். ஆடு மாடுகளின் கல்லீரல் தட்டைப்புழு நத்தை வழியாகத்தான் பரவுகிறது என்பது 1880-களின் தொடக்கத்தில் நிரூபணமாகிவிட்டது. அப்புறம் இதில் மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்?

ஒரு காரணம், கெய்ரோவில் இருந்த இன்னொரு ஜெர்மன் மேதை. ஆர்தர் லூஸ். ஒட்டுண்ணி ஆராய்ச்சியில் அசைக்க முடியாத பெயர். ஒருமுறை கொக்கிப்புழு லார்வாக்கள் இருந்த நீர் தன் கைமேல் சிந்தியதை வைத்தே, அவை தோல் வழியாக உடலுக்குள் போகும் என்று கண்டுபிடித்தவர். பில்ஹார்சியா புழுவுக்கு அவர் எகிப்து நத்தைகளைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. முட்டையிலிருந்து வரும் குஞ்சு நேராக மனிதத் தோலுக்குள் போகிறது, நடுவில் நத்தை தேவையில்லை என்று முடிவு கட்டினார். தோல் வழி என்பதில் அவர் சரி. நத்தை இல்லை என்பதில் தவறு. அவ்வளவு பெரியவர் சொன்னதால் வெகு காலம் பலர் அதை நம்பினார்கள்.

முடிச்சு முதலில் அவிழ்ந்தது ஜப்பானில். அங்கே நெல் வயல்களில் வேலை செய்பவர்களுக்கு வேறு வகை ரத்தப் புழு இருந்தது. 1913-ல் மியாயிரி, சுசுகி என்ற இருவர் வாய்க்கால் ஓரத்துச் சின்ன நத்தை ஒன்றைப் பிடித்து, அதற்குள் இந்தப் புழு வளர்வதை நிரூபித்தார்கள்.

அடுத்து முதல் உலகப் போர். எகிப்தில் ஆயிரக்கணக்கில் பிரிட்டிஷ் படைவீரர்கள். நெப்போலியன் படைக்கு நடந்தது நமக்கும் நடந்துவிடக் கூடாது என்று லண்டன் பயந்தது. 1915-ல் ராபர்ட் லைப்பர் என்ற ஆய்வாளரை அனுப்பியது. கெய்ரோவுக்கு வெளியே அல்-மர்ஜ் என்ற கிராமத்தில் நத்தைகளைச் சேகரித்து, அவற்றிலிருந்து வந்த லார்வாக்களை எலி, குரங்கு போன்ற விலங்குகளுக்குத் தொற்றவைத்துப் பார்த்தார். விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. நுனியில் முள் உள்ள முட்டைக்காரப் புழு ஒருவகை நத்தையில் வளர்கிறது. பக்கவாட்டு முள் இனம் வேறொரு வகை நத்தையில். இரண்டும் வெவ்வேறு புழுக்கள் என்ற சண்டையும் அதோடு தீர்ந்தது.

விவசாயி நூற்றுக்கணக்கான வருஷமாகக் கேட்காத கேள்விக்கு, படைவீரன் நோயில் விழுந்துவிடுவானோ என்ற பயம்தான் விடை வாங்கித் தந்தது. கசப்பான உண்மைதான்.

நத்தைக்குள் என்ன நடக்கிறது?

முழுப் பாதையும் இப்போது தெரியும். சிறுநீர் அல்லது மலத்தோடு முட்டை நல்ல தண்ணீரில் விழுகிறது. பொரிந்து, ரோமங்களால் நீந்தும் ஒரு குஞ்சு வெளியே வருகிறது. அதற்கு நேரம் குறைவு. ஏறக்குறைய ஒரு நாளுக்குள் தனக்கேற்ற நத்தையைக் கண்டுபிடிக்காவிட்டால் செத்துவிடும். மனிதனைத் தொட்டாலும் ஒன்றும் ஆகாது, நத்தை மட்டும்தான் வேண்டும்.

நத்தைக்குள் புகுந்த ஒரே குஞ்சு, சில வாரங்களில் ஆயிரக்கணக்கான லார்வாக்களாகப் பெருகுகிறது. நத்தைக்கும் இது நோய்தான், பாவம். சக்தியையெல்லாம் ஒட்டுண்ணி உறிஞ்சிக்கொள்வதால் நத்தை முட்டையிடுவது குறைந்து, நின்றேபோகும்.

பிறகு லார்வாக்கள் தண்ணீருக்கு வருகின்றன. பிளவுபட்ட வாலோடு நீந்தும் இவற்றுக்கு செர்கேரியா என்று பெயர். பெரும்பாலும் பகலில், வெயில் ஏறும் நேரத்தில் வெளியேறும். அதாவது பிள்ளைகள் வாய்க்காலில் குதித்து விளையாடும் அதே நேரத்தில். தோலில் ஒட்டியதும் சில நிமிடங்களில் வாலை உதிர்த்துவிட்டு உள்ளே போய்விடும். கடித்தது தெரியாது, குத்தியது தெரியாது. நுரையீரல் வழியாகக் கல்லீரலுக்குப் போய் வளர்ந்து, ஜோடி சேர்ந்து, முட்டையிடத் தொடங்கும். சாதாரணமாக ஒரு புழு 3 முதல் 10 வருஷம் வாழும்.

மீன் புழுவுக்கும் இதற்கும் வித்தியாசம் இதுதான். அது தட்டு வழியாக வருகிறது, சமைத்தால் சாகும். இதற்கு வாயே தேவையில்லை. தண்ணீரில் காலை வைத்தால் போதும்.

இந்த நோய் எகிப்துக்குப் புதியதும் அல்ல. 1910-ல் மார்க் அர்மாண்ட் ரஃபர் என்ற மருத்துவர், சுமார் 3000 வருஷத்துக்கு முந்தைய மம்மிகளின் சிறுநீரகத்திலேயே சுண்ணாம்பாக இறுகிய முட்டைகளைப் பார்த்தார். ஆனால் 19-ம் நூற்றாண்டில் நிலைமை இன்னும் மோசமானதற்குப் பருத்தி ஒரு காரணம். பழைய முறையில் நைல் வெள்ளம் வரும், வயலை நனைக்கும், வடியும். மீதி மாதங்கள் நிலம் காயும், நத்தைகள் சாகும். ஏற்றுமதிக்குப் பருத்தி பயிரிட வருஷம் முழுக்கத் தண்ணீர் வேண்டுமென்று அணைகளும் வாய்க்கால்களும் வந்தன. நத்தைக்கு வருஷம் முழுக்க வீடு கிடைத்தது. விவசாயி வருஷம் முழுக்கத் தண்ணீரில் நின்றான். பில்ஹார்ஸ் கெய்ரோவில் இருந்த காலம் சரியாக இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலம்.

மருந்தே வினையானது எப்படி?

1918-ல் சூடானின் கார்ட்டூமில் கிறிஸ்டோஃபர்சன் என்ற டாக்டர், ஆன்டிமனி கலந்த ஒரு மருந்தை நரம்பில் ஊசியாகப் போட்டு இந்த நோயைக் குணப்படுத்தலாம் என்று காட்டினார். கடுமையான மருந்து. ஒரே ஊசியில் முடியாது, பல வாரங்கள் போட வேண்டும்.

1950-களிலிருந்து எகிப்து அரசு கிராமம் கிராமமாக இந்த ஊசியைப் போட்டது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அன்றைக்குக் கண்ணாடி சிரிஞ்சுகள். ஒருவருக்குப் போட்டதைச் சரியாகக் கொதிக்கவைக்காமல் அடுத்தவருக்கும் போட்டார்கள். ரத்தம் வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் சி என்ற வைரஸ் இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. புழுவுக்குப் போட்ட ஊசி வைரஸை ஊரெல்லாம் பரப்பியது. உலகிலேயே ஹெபடைடிஸ் சி மிக அதிகமாக இருந்த நாடுகளில் ஒன்றாக எகிப்து ஆனதற்கு இது முக்கியக் காரணம் என்பதை 2000-ம் ஆண்டில் வந்த ஆய்வு வெளிச்சம் போட்டுக் காட்டியது. 1980-களில் பிராசிகுவாண்டெல் மாத்திரை வந்த பிறகுதான் ஊசி ஓய்ந்தது.

பிரபலங்களையும் இந்த நோய் விடவில்லை. அரபு உலகமே கொண்டாடிய பாடகர் அப்தெல் ஹலீம் ஹாஃபிஸ், சின்ன வயதில் கிராமத்து வாய்க்காலில் குளித்தபோது பில்ஹார்சியா தொற்றியவர். கல்லீரல் கெட்டு, பல வருஷம் ரத்த வாந்தியோடு போராடி, 1977-ல் லண்டனில் 47 வயதில் இறந்தார். கெய்ரோவில் நடந்த இறுதி ஊர்வலத்தில் தெருக்கள் கொள்ளாத கூட்டம்.

ஹெபடைடிஸ் சி கதைக்கு மட்டும் நல்ல திருப்பம் கிடைத்தது. கோடிக்கணக்கான மக்களைப் பரிசோதித்து, இலவச மாத்திரை கொடுத்து, 2023-ல் உலக சுகாதார நிறுவனத்தின் பாராட்டைப் பெற்றது எகிப்து. பில்ஹார்சியாவும் அங்கே இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது.

பெயர் யாருக்கு?

1856-ல் ஒரு ஜெர்மன் விஞ்ஞானி இந்தப் புழு இனத்துக்கே பில்ஹார்சியா என்று பெயர் சூட்டினார். இரண்டு வருஷம் கழித்து இன்னொருவர் சிஸ்டோசோமா என்று பெயர் வைத்தார். பிளந்த உடல் என்று அர்த்தம், ஆண் புழுவின் அந்தப் பள்ளத்தைக் குறிக்கிறது. நீண்ட இழுபறிக்குப் பிறகு அறிவியல் பெயராக நின்றது சிஸ்டோசோமாதான். மக்கள் வாயில் நின்றது பில்ஹார்சியா. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அதுவும் வாயில் நுழையாமல், பில் ஹாரிஸ் என்று ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் பெயர் போலச் சொல்லித் திரிந்தார்களாம்!

கெய்ரோவை ஒட்டிய கிசாவில் இன்று அவர் பெயரில் ஒரு ஆராய்ச்சி நிறுவனமும் மருத்துவமனையும் இயங்குகின்றன. நிலவில் ஒரு பள்ளத்துக்கும் பில்ஹார்ஸ் என்று பெயர்.

இப்போது நிலைமை என்ன? நம்ம ஊரில் உண்டா?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 78 நாடுகளில் இந்த நோயின் பரவல் பதிவாகியிருக்கிறது. 2021-ல் மட்டும் 25 கோடிக்கும் அதிகமானோருக்குத் தடுப்புச் சிகிச்சை தேவைப்பட்டது. இவர்களில் பெரும்பாலானோர் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாட்டவர்கள்.

இந்தியா இந்தப் பட்டியலில் பெரிய இடத்தில் இல்லை. 1952-ல் மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டத்தில் கிம்வி என்ற கிராமத்தில் சிறுநீரில் ரத்தம் போகும் இந்த நோய் கண்டறியப்பட்டது உண்மை. மற்றபடி மனிதரைத் தாக்கும் புழுவுக்கேற்ற நத்தை இங்கே பரவலாக இல்லாததால் நாம் தப்பித்தோம் எனலாம். ஆடு மாடுகளைத் தாக்கும் இதன் உறவுக்காரப் புழுக்கள் இங்கே உண்டு. அவற்றின் லார்வா மனிதத் தோலில் நுழைந்து அங்கேயே செத்துவிடும். அரிப்பும் தடிப்பும் வரும், ஆனால் பில்ஹார்சியா வராது. எனவே ஊர்க் குளத்தில் குளித்துவிட்டுப் பயந்து இணையத்தில் தேட வேண்டாம்.

கவனிக்க வேண்டியவர்கள் வேலைக்கோ சுற்றுலாவுக்கோ ஆப்பிரிக்கா போகிறவர்கள்தான். மலாவி ஏரி, விக்டோரியா ஏரி எல்லாம் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். நத்தைக்கும் அது தெரியும். குளோரின் கலந்த நீச்சல் குளத்திலும் கடலிலும் பயமில்லை. அங்கே ஏரி, ஆறு, வாய்க்காலில் இறங்கியிருந்தால், ஊர் திரும்பியதும் டாக்டரிடம் அதைத் தவறாமல் சொல்லுங்கள். உடனே பரிசோதித்தால் தெரியாமல் போகலாம். கடைசியாகத் தண்ணீரில் இறங்கி 6 முதல் 8 வாரம் கழித்து எடுக்கும் பரிசோதனையில்தான் விஷயம் பிடிபடும். இருந்தால் மாத்திரைதான், ஊசி இல்லை.